டீசல் காரைப் பத்து வருடத்தில் தள்ளிவிட வேண்டுமா? வரியும் புகை விதியும், அடிப்படையிலிருந்து

"பத்து வருஷமானா டீசல் வண்டி ஓட்டக் கூடாதாம்." "பதினஞ்சு ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே எடுத்து நசுக்கிருவாங்களாம்." "பி.எஸ்.4 வண்டிக்கு இனிமே பங்க்ல டீசலே ஊத்த மாட்டாங்களாம்." தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் டீசல் கார் வைத்திருப்பவர் யாரும் இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்டிருப்பார். மூன்றுமே இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பொருந்தாதவை. ஆனால் இதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிசையரை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. புரோக்கருக்கு இந்தப் பேச்சு நல்ல லாபம்.

வண்டி எந்தப் புகை விதியில் தயாரானது, அதன் பதிவு எவ்வளவு காலம் செல்லும், எங்கெங்கே வரி கட்டுகிறோம், தில்லியில் என்ன தடை இருக்கிறது என்ற நான்கும் வெவ்வேறு சட்டங்களில், வெவ்வேறு கைகளில் இருப்பவை. வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது நான்கும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் புரியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

பி.எஸ். எண் என்பது என்ன?

பி.எஸ். என்றால் பாரத் ஸ்டேஜ். புதிதாகத் தயாராகும் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் புகைக்குழாய் வழியே எந்த நச்சு எத்தனை கிராம் வரை வெளியே வரலாம் என்று மத்திய அரசு வகுத்திருக்கும் வரம்பு அது. ஐரோப்பாவின் யூரோ வரம்புகளை ஒட்டி 2000ஆம் ஆண்டில் இங்கே தொடங்கியது. நாடு முழுவதற்கும் பி.எஸ்.3 வந்தது 2010இல், பி.எஸ்.4, 2017 ஏப்ரல் 1 முதல். ஐந்தாம் படியைத் தாண்டி நேராக 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6க்குப் போனார்கள். 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது: ஆய்வுக்கூடத்தில் அளந்தால் போதாது, சாலையில் ஓட்டியும் அளக்க வேண்டும்.

பழைய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு தேறியவரைப் பாடத்திட்டம் மாறிய பிறகு மறுபடி பரீட்சை எழுதச் சொல்வதில்லை. அவர் சான்றிதழ் செல்லும். பி.எஸ். எண்ணும் அப்படித்தான். 2015இல் பி.எஸ்.3 அல்லது பி.எஸ்.4 வண்டியாக முறைப்படி பதிவான கார், 2020க்குப் பிறகும் அதே எண்ணோடு சட்டப்படி ஓடலாம். அதன் புகையை அந்த எண்ணுக்குரிய அளவுகோலில்தான் சோதிப்பார்கள். புதிய விதி கட்டுப்படுத்துவது தயாரிப்பையும், விற்பனையையும், முதல் பதிவையும். அதனால்தான் "2020க்கு முந்தைய வண்டி, இன்னும் ரெஜிஸ்டரே ஆகலை, புத்தம் புதுசு" என்று யாராவது பி.எஸ்.4 காரைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அதற்குப் பதிவு கிடைக்காது.

உங்கள் வண்டி எது என்பது ஆர்.சி. கார்டில் இருக்கும், எம்-பரிவாகன் செயலியிலும் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டி என்றால் முன் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும்: டீசலுக்கு ஆரஞ்சு நிறம். அதன் மேல் விளிம்பில் பச்சைப் பட்டை இருந்தால் பி.எஸ்.6.

டீசல் இன்ஜினில் பிரச்சினைக்குரியவை இரண்டு. ஒன்று நைட்ரஜன் ஆக்சைடுகள்: மிகுந்த சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் வாயு. மற்றது கரித்துகள், அதாவது நாம் கறுப்புப் புகையாகப் பார்ப்பது. பி.எஸ்.4 டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம், பி.எஸ்.6இல் 0.08 கிராம்தான். கரித்துகள் 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகக் குறைந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு இந்தத் தாவல் சிறியது. டீசலுக்குப் பெரியது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்தியதற்கு இதுதான் காரணம். சின்னக் காரில் இத்தனை கருவிகளை மாட்டினால் விலை கட்டுபடியாகாது.

எரிபொருளும் மாறியது. பி.எஸ்.4 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பி.எஸ்.6 டீசலில் 10 பங்குதான். பழைய வண்டிக்கு இந்த டீசல் ஆகாது என்று சிலர் பயப்படுகிறார்கள். தாராளமாக ஊற்றலாம். ஆபத்து தலைகீழாகத்தான் வரும்: கந்தகம் கூடிய எரிபொருள் பி.எஸ்.6 வண்டிக்குள் போனால்.

பத்து வருடம் தில்லிக்கு, பதினைந்து வருடம் பதிவுக்கு

பத்து வருடக் கணக்கு முழுக்க முழுக்கத் தில்லித் தலைநகர் வட்டாரத்துச் சமாச்சாரம். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குத் தில்லி பங்குகளில் எரிபொருள் கொடுக்கக் கூடாது என்று தொடங்கி, சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். குளிர்காலத்தில் காற்று மிக மோசமாகும்போது பி.எஸ்.4 டீசல் கார்களையும் அங்கே தற்காலிகமாக நிறுத்துவது உண்டு. டிசம்பர், ஜனவரியில் நம் போனில் வரும் "பி.எஸ்.4 டீசலுக்குத் தடை" என்ற செய்தியெல்லாம் அந்த ஊர்ச் செய்திதான். பாம்பனில் வீசும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதினைந்து வருடம் நாடு முழுவதற்கும் உள்ளது. ஆனால் அதன் பொருள் வேறு. சொந்த உபயோகக் காரின் முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் இதே விதி. 15 வருடத்தோடு கட்டாயமாக நிறுத்தப்படுபவை அரசுத் துறை வண்டிகள். 2023 ஏப்ரல் முதல் அவற்றுக்குப் புதுப்பிப்பு இல்லை. கலெக்டர் அலுவலகத்து ஜீப் ஏலத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டு நம் வண்டிக்கும் அதே கதி என்று நினைக்க வேண்டாம். டி-போர்டு எனப்படும் வாடகை வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழ்க் கணக்கு தனி, இங்கே பேசுவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டைப் பற்றி மட்டும்.

புதுப்பிக்கும் வழி இது. ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000. தேதி தவறினால் மாதத்துக்கு 500 வீதம் ஏறிக்கொண்டே போகும். மாநில அரசின் பசுமை வரி தனியாகச் சேரும். 15 வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டுவது அது. இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்த வேண்டும். சேஸிஸ் எண், இன்ஜின் எண், விளக்குகள், பிரேக், டயர், அடிப்பாகம் என்று பார்ப்பார்.

இந்தக் கடலோரத்தில் இடிக்கும் இடம் கடைசியில் சொன்னது. பதினைந்து வருடம் உப்புக் காற்றில் நின்ற வண்டியில் இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, பின் சக்கர வளைவின் உட்புறம், சைலன்ஸர் இணைப்பு எல்லாம் பொரிந்து போயிருக்கும். துரு மூடிச் சேஸிஸ் எண்ணைப் படிக்க முடியாமல் போனால் அதற்கென்று தனியாக அலைய வேண்டிவரும். 13ஆம் வருடத்திலேயே அந்த எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி வைப்பது நல்லது. உப்புத்தாளால் பரபரவென்று தேய்க்கக் கூடாது. எண்ணும் சேர்ந்து தேயும், திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவச் சொல்வார்கள். சரிதான். எந்தத் தண்ணீரில்? மண்டபம் பக்கமும் தேவிபட்டினம் பக்கமும் பல வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் அடிப்பாகத்தைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. நல்ல தண்ணீர் உள்ள வாட்டர் சர்வீஸ் எது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வருடம் ஒருமுறை அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். புதுப்பிப்புக் கட்டணத்தைவிட தகர வேலைக்குத்தான் அதிகம் செலவாகும்.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியவை: பி.எஸ். எண் பிறந்த தேதியைப் பொறுத்தது, பின்னோக்கிப் பாயாது. பத்து வருடத் தடை தில்லி வட்டாரத்துக்கு. 15 வருடம் என்பது பதிவைப் புதுப்பிக்கும் தவணை.

வரி மூன்று இடத்தில் வருகிறது

வாங்கும்போது ஜி.எஸ்.டி., பதிவு செய்யும்போது மாநிலத்தின் வாழ்நாள் வரி, பிறகு ஒவ்வொரு முறை பங்குக்குப் போகும்போதும். முதலிரண்டையும் ஒருமுறை கட்டுகிறோம், வலி தெரிகிறது. மூன்றாவது தெரியாமல் போகிறது.

ஜி.எஸ்.டி.யில் 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டே படிகள். நீளம் 4 மீட்டருக்குள், இன்ஜின் டீசலாக இருந்தால் 1500 சி.சி.க்குள், பெட்ரோலாக இருந்தால் 1200 சி.சி.க்குள் என்றால் 18 சதவீதம். இதில் ஏதாவது ஒன்று மீறினாலும் 40 சதவீதம். அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்துச் சின்ன டீசலுக்கு 31, சின்னப் பெட்ரோலுக்கு 29 என்று இருந்தது. அந்த இரண்டு சதவீத வேறுபாடு இப்போது போய்விட்டது. "டீசல் காருக்கு வரி அதிகம்" என்ற பேச்சு இந்த இடத்தில் பழைய பேச்சாகிவிட்டது.

வாழ்நாள் வரி தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மகாராஷ்டிரத்தில் டீசலுக்கென்று தனியாகக் கூடுதல் விகிதம் இருக்கிறது. இங்கே எரிபொருளைப் பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் டீசல்காரர் மாட்டிக்கொள்வது இங்கேதான், கவனியுங்கள். படி தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமின்றி முழு விலைக்கும் புதிய விகிதம் வந்துவிடுகிறது. ஒரே மாடலில் பெட்ரோல் 9.6 லட்சம், டீசல் 10.9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 13 சதவீதம்: 1,24,800. டீசலுக்கு 18 சதவீதம்: 1,96,200. ஷோரூமில் 1,30,000 ரூபாயாக இருந்த வித்தியாசம், நம்பர் பிளேட் மாட்டும்போது 2,01,400 ஆகிவிட்டது. விலைப்பட்டியலில் 10 லட்சத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் உள்ள வேரியன்ட்டுகளை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் நிறைய.

பங்கில் நடப்பது இன்னும் சுவாரசியம். பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மத்திய அரசு லிட்டருக்கு இவ்வளவு என்று கலால் வரி எடுக்கிறது. அதன் மேல் மாநில வாட் வரி. தமிழ்நாட்டில் டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு 9.62 ரூபாயும் சேர்ந்தது வாட். பெட்ரோலுக்கு 13 சதவீதமும் 11.52 ரூபாயும். டீசல் 93 ரூபாய்க்கு விற்றால் அதில் மாநில வாட் மட்டும் ஏறத்தாழ 18 ரூபாய். அந்த 9.62 கல்லில் எழுதிய எழுத்து. கச்சா எண்ணெய் விலை பாதியானாலும் அது குறையாது. உலகச் சந்தையில் விலை சரிந்தும் பங்கில் பெரிதாகக் குறையாததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, 2025 ஏப்ரலில் நடந்தது போல, எண்ணெய் விலை இறங்கும் நேரத்தில் கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றி அந்த இடைவெளியை நிரப்பிவிடுவது.

டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. அதற்கு முன் டீசலை அரசு தாங்கிப்பிடித்த காலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல்கூட இடைவெளி இருந்தது. வீட்டுக்கு வீடு டீசல் கார் வாங்கியது அந்தக் கணக்கில்தான். இப்போது இடைவெளி அதில் பாதிகூட இல்லை. ஆனால் "டீசல்னா செலவு கம்மி" என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலம் வரி விலக்கோடு டீசல் கொடுக்கிறது. அந்த டீசல் கார் டேங்கில் இறங்குவது கடலோரத்தில் யாரும் அறியாத ரகசியமல்ல. அது மீனவர் தொழிலுக்கென்று கொடுத்த சலுகை, காரில் ஊற்றுவது சட்டமீறல். அதோடு கேனில் வாங்கும் டீசலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு இன்ஜெக்டர் போனால், மிச்சம் பிடித்த வரியெல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

சரி, டீசல் யாருக்குக் கட்டும்? பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். டீசல் 93 ரூபாய், 20 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய், டீசலில் 4.65. மிச்சம் 2.08. மேலே பார்த்த 2,01,400 ரூபாயை இதில் வகுத்தால் சுமார் 97,000 கிலோமீட்டர். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு நான்கு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். மாதம் 800 ஓடுபவருக்குப் பத்து வருடம். அதே 1,30,000 வித்தியாசத்தில் இரண்டு வேரியன்ட்டும் 18 சதவீதப் படியிலேயே இருந்தால் சுமார் 74,000 கிலோமீட்டரிலேயே சமன் ஆகிவிடும். உங்கள் வண்டியின் உண்மை மைலேஜையும் உங்கள் ஊர் விலையையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். சர்வீஸ் செலவில் டீசலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

சுருக்கமாகச் சொன்னால், டீசல் என்பதற்காகத் தமிழ்நாட்டில் தனி வரி கிடையாது. கூடுதல் விலைக்குக் கூடுதல் வரி வருகிறது, பழைய விலை இடைவெளி போய்விட்டது. ஆகவே எவ்வளவு ஓடுவீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

பி.எஸ்.6 டீசலுக்குள் என்ன நடக்கிறது?

எந்தச் சட்டமும் உங்கள் பழைய காரைப் பிடுங்கவில்லை. ஆனால் புதிய டீசல் காரை எப்படி ஓட்ட வேண்டும் என்பதை இந்த விதிகள் மாற்றிவிட்டன. இதை ஷோரூமில் விளக்கமாகச் சொல்வது அபூர்வம்.

புகையைச் சுத்தம் செய்ய மூன்று ஏற்பாடுகள். முதலாவது இ.ஜி.ஆர்.: வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விட்டு எரியும் சூட்டைக் குறைப்பது. சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். இது பழைய வண்டிகளிலும் உண்டு. கரி படிந்து வால்வு சிக்கிக்கொள்வது இதன் வழக்கமான வியாதி. இரண்டாவது டி.பி.எஃப்.: புகைக்குழாயில் இருக்கும் பீங்கான் வடிகட்டி. கரித்துகளை நுண்துளைகளில் பிடித்துவைத்துக்கொள்ளும். மூன்றாவது எஸ்.சி.ஆர்.: புகையில் யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது. அந்தக் கரைசலைத்தான் டி.இ.எஃப். அல்லது ஆட்புளூ என்று விற்கிறார்கள், 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். எல்லா டீசல் காரிலும் இது இல்லை. டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் உண்டு.

கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது டி.பி.எஃப். பற்றி. வடிகட்டி நிரம்பினால் அதைக் கழற்றித் தட்ட முடியாது. உள்ளேயே கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகும்போது கொஞ்சம் தானாகவே எரியும். போதாதபோது சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் கணினி கூடுதல் டீசலைத் தெளித்துச் சூட்டை ஏற்றும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். மெக்கானிக்குகள் "ரீஜென்" என்பார்கள். 15, 20 நிமிடம் நிறுத்தாமல் ஓரளவு வேகத்தில் ஓடினால்தான் முடியும்.

இராமேஸ்வரம் தீவுக்குள் ஓடும் காரை நினைத்துப் பாருங்கள். கோயில் வீதி, அக்னி தீர்த்தம், தங்கச்சிமடம் வரை ஒரு வேலை, திரும்ப வீடு. ஒவ்வொரு ஓட்டமும் பத்துப் பதினைந்து நிமிடம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறோம். ரீஜென் தொடங்கியிருக்கும், முடிந்திருக்காது. அப்போது சில அடையாளங்கள் தெரியும்: நின்ற நிலையில் ஆர்.பி.எம். வழக்கத்தைவிட 100, 200 கூடியிருக்கும்; மீட்டரில் மைலேஜ் திடீரென்று விழும்; வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும்; பின்னால் போய் நின்றால் சூட்டு வாடை அடிக்கும். வண்டிக்கு ஏதோ கோளாறு என்று பயந்து உடனே அணைப்பதுதான் பலர் செய்வது. அணைக்காமல் இன்னும் 15 நிமிடம் ஓட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

நாலைந்து முறை இப்படிப் பாதியில் நின்றால் டி.பி.எஃப். விளக்கு எரியும். அது எரிந்ததும் செய்ய வேண்டியது: டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும், பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தைத் தாண்டி மண்டபம் வந்ததும், உச்சிப்புளி வழியே இராமநாதபுரம் நோக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், ஒரு கியர் குறைத்து, ஆர்.பி.எம். 2,000க்கு மேல் வைத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். கிழக்குக் கரைச் சாலையில் தொண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே அந்த வசதி இருக்கிறது. விளக்கை அலட்சியம் செய்து தொடர்ந்து குட்டி ஓட்டங்களே ஓட்டினால், வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டரில் கணினி மாட்டித்தான் எரிக்க முடியும். அதுவும் ஆகாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அந்த பில்லைப் பார்த்தால் டீசலில் மிச்சம் பிடித்த கணக்கே மறந்துபோகும்.

இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. ரீஜெனுக்காகத் தெளிக்கும் கூடுதல் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். பாதியில் நிற்கும் ரீஜென் அதிகமானால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்படாமல் ஆயிலை மாற்றுங்கள்; டீசல் கலந்த ஆயில் வழுவழுப்பை இழந்து டர்போவைத் தின்றுவிடும். ஆயிலும் டி.பி.எஃப். வண்டிக்கென்று குறிப்பிட்ட, சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். படகு இன்ஜினுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம். அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கும், எந்த ரீஜெனாலும் எரியாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலும் இதே ரகம். அதில் கந்தகம் பல மடங்கு அதிகம்.

டி.இ.எஃப். கரைசலுக்கு வெயில் ஆகாது. 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். தகரக் கூரைக் கடையில் எத்தனை மாதம் இருந்ததோ தெரியாத கேனை வாங்காமல், தயாரித்த தேதி பார்த்து, வேகமாக விற்றுப்போகும் பெரிய பங்கில் வாங்குங்கள். கார் டிக்கியில் போட்டுவைக்க வேண்டாம். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது யூரியா உப்பு. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். முழுக்கத் தீர்ந்துபோனால் பல மாடல்களில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்காது, அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தண்ணீரையோ உர யூரியாவைக் கரைத்தோ ஊற்றிச் சமாளிக்க நினைத்தால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

"டி.பி.எஃப்.பை வெட்டி எடுத்துட்டு சாஃப்ட்வேர் மாத்தித் தர்றோம்" என்று மதுரையிலும் கோவையிலும் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் அமைத்ததை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. வாரன்டியும் போகும். மாதம் 300 கிலோமீட்டர் தீவுக்குள் ஓடுபவருக்கு டி.பி.எஃப். தொல்லை தருகிறது என்றால், அவருக்கு உகந்தது பெட்ரோல் கார்.

புகைச் சோதனை

பி.யூ.சி. எனப்படும் புகைச் சான்றிதழ், புது வண்டிக்கு முதல் வருடம் தேவையில்லை. பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம்.

டீசல் வண்டியில் சோதிப்பது புகையின் அடர்த்தியை. குழாயில் கருவியைச் செருகி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து விடுவார்கள், பல முறை. ஒளி எவ்வளவு மறைபடுகிறது என்பதைக் கொண்டு ஓர் எண் வரும்: பி.எஸ்.4க்கு 1.62க்குள், அதற்கு முந்தைய வண்டிக்கு 2.45க்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நேரே போய்க் குளிர்ந்த இன்ஜினில் மிதித்தால் நல்ல வண்டியும் தோற்கும். அரைமணி ஓட்டிவிட்டுப் போங்கள். அப்படியும் எண் கூடினால் முதலில் ஏர் ஃபில்டர். இந்த மணல் காற்றில் கம்பெனி சொன்ன தூரத்துக்கு முன்பே அடைத்துவிடும். அடுத்து இ.ஜி.ஆர். வால்வு, அதற்கடுத்துத்தான் இன்ஜெக்டர். இந்த வரிசையை மாற்றி, எடுத்த எடுப்பிலேயே இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவில் வேலை செய்பவர்களின் வீட்டில், வருடத்தில் பத்து மாதம் உறைபோட்டு நிற்கும் டீசல் கார்கள் ஏராளம். வீட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். அதைச் செய்யாமலே இருக்கலாம். ஐந்து நிமிட ஐட்லிங் டி.பி.எஃப்.பில் கரியைச் சேர்ப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் போய்வரும் தூரமாவது ஓட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால் பேட்டரி முனையைக் கழற்றி, டேங்கை நிரப்பி நிறுத்துவது மேல். பாதி டேங்கில் ஈரக் காற்று நீராக இறங்கும். ஊருக்கு வரும் முன் புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் எப்போது முடிகின்றன என்று போனிலேயே பார்த்துவிடலாம். 15 வருடப் பதிவு முடியும் தேதி விடுமுறைக்கு வெளியே விழுந்தால், 60 நாள் முன்னவகாசத்தைக் கணக்கிட்டுப் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

தில்லி காரை வாங்கலாமா?

பத்து வருடத் தடையால் தில்லியில் டீசல் கார் மலிவாகக் கிடைக்கும். லாரியில் ஏற்றி வந்து தென்மாவட்டங்களில் விற்கிறார்கள். உப்புக் காற்று படாத உடம்பு, பார்க்க நன்றாகவே இருக்கும். வாங்குவது சட்டவிரோதமில்லை. காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த படிவம் 28, அதாவது என்.ஓ.சி., இராமநாதபுரம் அலுவலகத்தின் பெயருக்கு இருக்க வேண்டும். பத்து வருடம் முடிந்த டீசல் வண்டிகளின் பதிவைத் தில்லியில் 2022 ஜனவரியில் ரத்து செய்யத் தொடங்கினார்கள். ஆகவே வண்டி எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டு, பதிவு ரத்தானதா, கடன் பாக்கி உள்ளதா, அபராதச் சலான்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வாழ்நாள் வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். விற்பவர் சொல்லும் மலிவு விலையில் இது சேர்ந்திருக்காது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டி.என்.65 என்று தொடங்கும் இராமநாதபுரத்துப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். பதினைந்தாவது வருடப் புதுப்பிப்பும் அருகில் வந்து நிற்கும். இவ்வளவையும் கூட்டி, இங்கேயே பதிவான அதே வருட வண்டியின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். என்.ஓ.சி. "அடுத்த வாரம் வந்துரும்ணே" என்றால், பணத்தையும் அடுத்த வாரமே கொடுக்கலாம்.